நூற்றேழில் நின்ற முள்

கராக் ஊரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் ஹாயில். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். அவர் கதவைத் திறந்து இறங்கினால் லாரி ஒரு பக்கம் நிமிர்ந்து மூச்சு விடும். அந்த உடம்புக்கு ஊரில் தனி மரியாதை. பெண் கேட்கவோ, அடிதடிக்கு மன்னிப்புக் கேட்கவோ பெரியவர்கள் கூட்டமாகப் போவார்களே, ஜாஹா என்று, அதில் முன்வரிசையில் நடு இடம் எப்போதும் அவருக்குத்தான். வீட்டுக்காரர் காபியைக் கொண்டுவந்து வைப்பார். ஹாயில் தொட மாட்டார்.

"வந்த காரியம் முடியாம இந்தக் காபி என் தொண்டைல இறங்காது" என்பார், அந்தக் கனத்த குரலில்.

வீட்டுக்காரர் யோசிப்பார், முனகுவார், பழசையெல்லாம் கிளறுவார். கடைசியில், "காபியைக் குடிங்க, கேட்டது கெடச்சாச்சு" என்பார். அந்த வார்த்தை வந்த பிறகுதான் கோப்பை வாய்க்குப் போகும். எத்தனை கல்யாணம், எத்தனை சமாதானம் அப்படி முடிந்திருக்கிறது! தனக்கென்று மட்டும் மனிதர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அவருக்கு ஒரே மகள், விஜ்தான். மகன் இல்லாத ஆளையும் பிறக்காத ஒரு மகனின் பெயரைச் சொல்லி 'இன்னாருக்கு அப்பா' என்று கூப்பிடுகிற ஊர் அது. ஹாயில் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லாதவன் பேரு எனக்கெதுக்கு? இருக்கறவ பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்று எல்லோரோடும் சண்டை பிடித்து, விஜ்தானின் அப்பா என்ற பொருளில் அபூ விஜ்தான் ஆனார்.

அந்த விஜ்தானுக்குத்தான் இருபத்து நாலு வயதில் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் அம்மான் நகருக்குப் போய் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, வெளுத்த முகத்தோடு திரும்பி வருவாள். கல்யாணமாகாத பெண்ணுக்கு நோயாளி என்று பெயர் வந்துவிடுமே என்று அவள் அம்மா ஃபித்தா வெளியே மூச்சு விடவில்லை. கேட்டவர்களிடம் மகள் கம்ப்யூட்டர் படிக்கப் போய்வருகிறாள் என்றாள்.

ஹாயிலின் சிறுநீரகம் மகளுக்குப் பொருந்தியது. ஆனால் டாக்டர் ஷாஹிர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் பொருந்துது, உங்க எடைதான் பொருந்தல. நூறு கிலோவுக்குக் கீழ வாங்க. இப்படியே உங்களை ஆபரேஷன் மேஜைல ஏத்தினா, மகளைக் காப்பாத்தப் போய் அப்பனைக் கொன்னவன்னு எனக்குத்தான் பேரு வரும்."

அப்போது ஹாயிலின் எடை நூற்று இருபத்து நான்கு. சரி என்று வந்தார். டீயில் சர்க்கரையை நிறுத்தினார், ரொட்டியை நிறுத்தினார். விடிந்ததும் கோட்டை மேட்டைச் சுற்றி, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச நடந்தார். எடை மளமளவென்று இறங்கியது. இறங்கி, நூற்றேழில் வந்து நின்றுகொண்டது.

நின்றது நின்றதுதான். கோடை தொடங்கியும் முள் அசையவில்லை. காலையில் நடந்தவர் சாயங்காலமும் நடந்தார். இரவுச் சாப்பாட்டையும் விட்டார். தினம் தினம் அதே வெள்ளரிக்காய், அதே அவித்த முட்டை. வண்டியில் ஏறினால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. எடைக் கருவியில் ஏறும்போது செருப்பைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார், மூச்சைக்கூட வெளியே விட்டுப் பார்த்தார். பாவம்.

"பல்லையும் கழட்டி வெச்சுட்டு ஏறுங்களேன்" என்றாள் ஃபித்தா. சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதாள்.

டாக்டரும் சலித்துப் போனார். "உடம்பு கொஞ்ச நாள் இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும், அது சகஜம். ஆனா இவ்வளவு நாளா? வெளியில எங்கயாவது சாப்பிடறீங்களா?"

"வெளியிலயா? நான் சாப்பிடறதே இல்ல டாக்டர்."

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மனிதர் பொய் சொல்லவில்லை. அது கல்யாணப் பருவம். வாரத்துக்கு இரண்டு ஜாஹாவாவது இருக்கும். காபி முடிந்ததும் மன்சஃப் வரும். ஆள் நீளத்துக்குத் தாம்பாளம், சோறு மலைபோல, அதன் மேல் ஆட்டுக்கறி, புளித்த தயிர்க் குழம்பு, உருக்கிய நெய். வீட்டுக்காரர் தன் கையாலேயே நல்ல கறியாகப் பிய்த்து ஹாயிலின் பக்கம் தள்ளுவார். முதல் ஆள் கை வைக்காமல் மற்றவர்கள் கை வைக்க முடியாது, அவர் நிறுத்தினால் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும். ஆகவே கூட்டம் பசியாறும்வரை அவரும் உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருப்பார். அதை அவர் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கையெழுத்துப் போடுவதுபோல அது ஊர்க் கடமை, வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிட்டார். இந்த அறிவை என்னவென்று சொல்வது!

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் ஒரு பெண் கேட்டு முடித்துவிட்டு வீடு திரும்பினார். விஜ்தான் இயந்திர ஊசி குத்திய கையில் கட்டோடு சோபாவில் படுத்திருந்தாள். தலைகோத அவர் கையை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நெய் வாசனை அடிக்குதுப்பா."

"அது... அந்த வீட்டுல விடல. ஒரு வாய் வெக்கலன்னா சம்மந்தமே முறிஞ்சு போயிரும்மா."

"போன வாரமும் அடிச்சுது. அதுக்கு முந்தியும் அடிச்சுது. சோர்வுல ஏதோ நெனச்சுக்கறேன்னு இருந்துட்டேன்." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. "ஊருக்கெல்லாம் கேட்டு வாங்கித் தர்றீங்க. எனக்காக, சோறு வேணாம்னு ஒரு வார்த்தை கேக்க வரலையா உங்களுக்கு?"

"எப்படிக் கேப்பேன்? ஏன்னு கேப்பானுங்களே. உன் நோவை வெளியில சொல்ல வேண்டி வருமே."

"சொல்லிட்டுப் போங்க. செத்தா எப்படியும் தெரியத்தானப்பா போகுது."

வாசலில் நின்ற ஃபித்தா வந்து மகளின் காலில் போர்வையை இழுத்து விட்டாள். ஹாயில் குளியலறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். வாசனை போனதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஹாஜி முத்லக் வீட்டில் ஜாஹா. அவருடைய மூத்த மகனை ஒரு பையன் காரில் மோதிக் கொன்றிருந்தான். பையனின் அப்பா ஹாயிலின் காலில் விழாத குறை. காபி வெகுநேரம் ஆறிக் கிடந்தது. கடைசியில் அந்தக் கிழவர், "அல்லாவுக்காக மன்னிச்சேன். காபியைக் குடிங்க, கேட்டது கெடச்சாச்சு" என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாம்பாளம் வந்தது. முத்லக் கறியைப் பிய்த்து ஹாயிலின் முன்னே வைத்தார்.

ஹாயில் கையை நீட்டவில்லை.

சாப்பிடச் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்ற கைகளெல்லாம் அப்படியே நின்றன. சோற்றைத் தொடவில்லை என்றால் மன்னிப்பை ஏற்கவில்லை என்று அர்த்தம். பையனின் அப்பாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன அபூ விஜ்தான்?" முத்லக்கின் குரல் கடுமையானது. "மகனைக் கொன்னவனை மன்னிச்சாச்சு. இன்னும் என்ன பாக்கி?"

"ஒண்ணும் பாக்கி இல்ல ஹாஜி. உங்க மனசுக்கு முன்னால நாங்க தூசி. இது வேற. நான் எனக்காக ஒண்ணு கேக்கறேன்." ஊருக்காகக் கேட்கும்போது வருகிற குரல் எங்கே போயிற்றோ, கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "என் மகளுக்குச் சிறுநீரகம் போயிருச்சு. என்னோடதத்தான் வெக்கணும். நான் எளச்சாத்தான் வெப்பாங்க. நானும் எளைக்கறேன், எளைக்கறேன், முடியல ஹாஜி. இந்தத் தாம்பாளத்துலதான் என் மக உசிரு மாட்டிக்கிட்டு நிக்குது. அவ பொழைக்கற வரைக்கும் இந்த ஊருல யாரும் என் முன்னால சோறு வெக்கக் கூடாது. இதான் நான் கேக்கறது."

முத்லக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, தான் வைத்த கறியைத் தன் கையாலேயே எடுத்துத் தாம்பாளத்தின் மறுபக்கம் போட்டார்.

"என் பையன் போயிட்டான். உன் மகளாவது இருக்கட்டும்" என்றார். "கேட்டது கெடச்சாச்சு. எல்லாரும் கேட்டுக்கங்கடா! இந்த ஆளுக்கு எவனாவது சோறு போட்டான், அவன் எனக்கு எதிரி."

அவ்வளவுதான், ஊரே காவலுக்கு வந்துவிட்டது. ஹாயில் ஃபித்தாவுக்கென்று வாங்கப் போனாலும் ரொட்டிக் கடைக்காரன் தர மறுத்தான். "உங்க வீட்டம்மா வரட்டும், உங்க கைல தரமாட்டேன்" என்றான், கடன்காரன். ஜாஹாக்களில் அவருக்கு மட்டும் தனித் தட்டில் வெள்ளரிக்காய் வந்தது, அவர் தாம்பாளத்தைத் தொடாவிட்டாலும் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். விஜ்தானைப் பற்றி ஜாடையாக விசாரித்திருந்த ஒரு வரன், பேச்சையே எடுக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஃபித்தா இரண்டு நாள் அதற்காக முனகினாள். விஜ்தான் சிரித்தாள், நெடுநாளைக்குப் பிறகு.

முள் அசைந்தது. அவசரமில்லாமல், வேண்டாவெறுப்பாக, ஆனால் அசைந்தது. ஹாயிலின் கன்னம் ஒட்டியது, சட்டை தோளில் தொங்கியது, முழங்கால் ஓயாமல் வலித்தது. மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. அந்த மனிதருக்கு எங்கேயாவது விழுந்து படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, அம்மான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரை எடைக் கருவியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, எண்ணை எழுதி உள்ளே அனுப்பினாள். அப்பாவும் மகளும் டாக்டரின் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பணியாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

ஹாயில் அதைத் தொடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, கை போகவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நிமிர்ந்தார். ஆறிக்கொண்டிருந்த காபியைப் பார்த்தார், எதிரே இருந்த மனிதரைப் பார்த்தார். அவரும் கராக் பக்கத்துத் தெற்கத்திக்காரர்தான், வழக்கம் தெரிந்தவர். தாள்களை மூடிவைத்துவிட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்.

"காபியைக் குடிங்க, அபூ விஜ்தான்" என்றார். "கேட்டது கெடச்சாச்சு."

ஹாயில் கோப்பையை எடுத்தார். பாதி அவருடைய அங்கியில் கொட்டியது. மீதியை விஜ்தான்தான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தாள்.