நான் பிடித்த மீன், அவர் போட்டோ

2004-ல் டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊருக்கு வந்தபோது எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை, கார் ஓட்டவும் தெரியாது. அமெரிக்காவில் என் பேரில் கிடைத்த முதல் லைசென்ஸ் மீன் பிடிக்கிற லைசென்ஸ்தான். கடையில் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டார்கள். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மிதப்பாகத் திரிந்தேன்.

தூண்டில் ஆசை முதலில் வந்தது மச்சானுக்கு. மச்சான் என்றால் என் கணவர். கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். வாரம் முழுக்க டெலிகாம் ஆபீஸில் உட்கார்ந்து கிடந்தவர், ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கினார். சனிக்கிழமை விடியுமுன் சுபுஹு தொழுத கையோடு இரண்டு மணி நேரம் காரில் போனால் பெரிய நீர்த்தேக்கம். தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நின்றபடியே நிற்கும், அதனடியில்தான் பாஸ் மீன் கிடக்கும்.

அதற்கு ஜிக் போட வேண்டும். ஈயக் குண்டு வைத்த முள், சுற்றி ரப்பர் குஞ்சம், அவ்வளவுதான். தரைவரை இறக்கி, மெல்ல மெல்லத் தத்த விட்டால் நண்டு போகிறது என்று மீன் நம்பும். மச்சானுக்கு அந்தப் பொறுமை கிடையாது, மீன் நினைத்துப் பார்ப்பதற்குள் இழுத்துவிடுவார். எனக்குத் தூண்டில் நரம்பில் வைத்த ஒரு விரலிலேயே கல்லா, கிளையா, மீனா என்று தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வசந்தத்தில் மீன் முட்டையிடக் கரையோரம் வரும். புல்லோரம் ஜிக்கைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். டெக்சாஸ் கோடையில் ஒன்பது மணிக்கே தலை வெந்துவிடும், மீனும் ஆழத்துக்குப் போய்விடும்; இருபத்தைந்து அடியில் தேட வேண்டும். இலை உதிரும் மாதங்களில் பொடி மீன்களைத் துரத்திக்கொண்டு ஓடும், ஜிக்கையும் கூடவே ஓட்ட வேண்டும். குளிர்காலம்தான் என் காலம். கை விறைக்கும், மீன் சோம்பிக் கிடக்கும், ஜிக்கை அசைத்தும் அசைக்காமலும் வைத்திருக்க வேண்டும். பெரிய மீன் அப்போதுதான் விழும்.

விழுந்து என்ன? கம்பு வளைந்ததும், "கொண்டா கொண்டா, நரம்பு அறுந்துரும்" என்று மச்சான் கை நீட்டுவார். நானும் கொடுத்துவிடுவேன். கிச்சனில் அவரைக் கரண்டி தொட விடாதவள் தூண்டிலை மட்டும் ஏன் கொடுத்தேன்? பாரமாக எது வந்தாலும் ஆம்பளை கையில் கொடுத்துப் பழகிய புத்தி. இரண்டு வருஷம் கொடுத்தேன். போட்டோவில் பெரிய மீனெல்லாம் அவர் கையில் இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர்க்காரக் குடும்பங்கள் சாப்பிட வரும். ஆண்கள் ஹாலில், பெண்கள் கிச்சனில். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை லாத்தா. ஹாலில் அவரை, "காக்கா, செம மீனு" என்று கொண்டாடுவார்கள். கிச்சனில் என்னை, "லாத்தா, மசாலாவுக்கு என்ன போட்டீங்க?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு பெரிய மீனையாவது கடைசிவரை நானே ஏற்ற வேண்டும், அது என் மீன் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதுவே வெறியாகிவிட்டது.

2007 பிப்ரவரியில் ஒரு பட்ட மரத்தடியில் ஜிக்கை நிறுத்தியிருந்தேன். விரலில் சின்னதாக ஒரு தட்டு, பிறகு நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. சுண்டி இழுத்தேன். கம்பு பாதிக்கு மேல் வளைந்தது. மச்சானின் கை வந்தது.

"தொடாதீங்க மச்சான்."

"பெருசு புள்ள. உன்னால ஆவாது."

"அறுந்தா என் மீனு அறுந்துட்டுப் போவுது. நீங்க வலையப் புடிங்க."

மனிதர் வலையோடு குந்தினார். மீன் இரண்டு தடவை மரத்துக்குள் ஓடப் பார்த்தது, இரண்டு தடவையும் திருப்பினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. வலைக்குள் வந்ததும் அளந்தோம். இருபத்து மூன்றரை அங்குலம், வயிறு நிறைய முட்டை. பதினாறிலிருந்து இருபத்து நாலு அங்குலம்வரை இருந்தால் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது அந்த ஏரியின் சட்டம். கேமரா காரில் கிடந்தது.

"கரைக்குப் போயி ஒரு போட்டோ எடுத்துட்டு விடுவோமா?" என்றார்.

"அதுவரைக்கும் தாங்காது மச்சான்."

இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரில் விட்டேன். வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. பார்த்த சாட்சி ஒரே ஆள், அதுவும் இதுவரை என் மீனையெல்லாம் தன் மீனாகக் காட்டிக்கொண்டவர்.

அன்று சாயங்காலம் கடை மீன்தான் குழம்பு. ஹாலில் யாரோ, "காக்கா, இன்னைக்கி எத்தன?" என்று கேட்டது காதில் விழுந்தது. வெங்காயம் அரிவதை நிறுத்தினேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அவளுக்குத்தான் விழுந்துச்சு, இருபத்து மூணரை. இத்தன நாளு நீங்க போட்டோவுல பாத்த பெரிய மீனெல்லாம் அவ புடிச்சதுதான், நான் தூக்கிக்கிட்டு நின்னேன். புள்ள, இங்க வந்து நீயே சொல்லு."

வெங்காயக் கையோடு ஹாலுக்குப் போனேன். நடுவில் நின்று, மீன் விரலில் தட்டியதிலிருந்து தண்ணீரில் விட்டதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். வந்திருந்தவர்களில் வயதான ஒரு அங்கிளும் தூண்டில்காரர். முதல் தடவையாக என்னிடம் மசாலாவைத் தவிர வேறு கேள்வி வந்தது. ஆழம் கேட்டார், சொன்னேன். ஜிக் என்ன கலர் என்றார், சொன்னேன்.

"எந்த மரத்துக்கிட்டம்மா?" என்றார்.

"அது மட்டும் சொல்ல மாட்டேன் அங்கிள். அது என் இடம்."