சிப்பி நுரைத்தபோது

பழவேற்காட்டில் எங்கள் ஊர் வரலாற்றுக் குழு தொடங்கியபோது நான்கே பேர், நால்வரும் வாத்தியார்கள். நான் வேதியியல். ஊர்க்கோடியில் பாசி படிந்து கிடந்த டச்சுக்காரர் கல்லறையின் பூவேலையைக் கல் என்று நினைத்து, அதைக் கழுவ ஆசிட்டோடு போனேன். ஆசிட் பாட்டிலின் மூடியையும் திறந்துவிட்டேன்.

ஏரியில் சிப்பி பொறுக்கிவிட்டு அந்த வழியாக வந்த தனம் அக்கா கத்தினார்: "இன்னா சார் பண்ற? அது சிப்பிச் சுண்ணாம்பு. பூவே கரைஞ்சிடும்!"

நான் சிரித்தேன். அவர் கூடையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துப் போட்டு, "இதுமேல ஊத்திப் பாரு" என்றார். ஊற்றினேன். நுரைத்துப் பொங்கியது. சட்டென்று பாட்டிலை மூடினேன். நல்லவேளை, பூவேலையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

இன்று குழுவில் முப்பது பேர். பாதிப் பேர் தனம் அக்கா அழைத்து வந்தவர்கள். உறுப்பினர் படிவத்தில் நான் அச்சடித்திருந்த 'கல்வித் தகுதி' கட்டத்தை என் கையாலேயே அடித்துவிட்டுத்தான் இப்போது கொடுக்கிறேன்.