லண்டன் ஜாதகம்

ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் துரையின் நாய்களைப் பார்த்துக்கொள்பவள் சடச்சி. கால் ஊனம், மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாது. துரையின் வேட்டைநாய்ப் பெட்டை, தன் தகப்பனோடு சேர்ந்து இரண்டு முறை ஈன்றது. குட்டிகள் அண்ணம் பிளந்து பிறந்து, பால் குடிக்க முடியாமல் செத்தன. இனியும் செத்தால் சடச்சியைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்புவதாகத் துரை சொல்லிவிட்டார்.

“அந்தப் பெட்டைக்கு லண்டன்ல எழுதின வம்ச ஜாதகமாம், வேற ரத்தம் கலக்கக் கூடாதாம்!” என்று சிரித்தார் சமையற்கார அந்தோணி.

“ஜாதகத்தைப் பால்ல கரைச்சா ஊட்டுறது, அண்ணே? அப்பனும் மகளும் சேர்ந்தா இப்படித்தான் பொறக்கும்.”

அடுத்த பருவத்தில் அவள் கூண்டைத் திறந்து கடைத்தெருச் செவலை நாய் ஒன்றை உள்ளே விட்டாள். ஆறு குட்டிகள்; ஆறும் முட்டி மோதிப் பால் குடித்தன. குட்டி பிழைத்தால் துரைக்குப் போதும் என்று நம்பியிருந்தாள். துரையோ அவற்றின் செவலை நிறத்தைப் பார்த்ததும் ஆற்றில் போடச் சொன்னார். அவளேதான் போட்டாள்.

மறுபருவத்தில் துரை பெட்டையைத் தகப்பனோடு அடைத்துப் பூட்டினார்.

“வேற நாய் வந்தா நீ மலைக்கு. குட்டி செத்தாலும் நீ மலைக்கு.”

“சரிங்க தொரை,” என்ற சடச்சி, பிறக்கப்போகும் குட்டிகளின் பிளந்த வாய்களில் பால் சொட்டவிட, பழைய வேட்டியைக் கிழித்துத் திரி திரிக்க உட்கார்ந்தாள். முன் இரண்டு முறையும் திரி உதவவில்லை.