சாமைக்காரர்களுக்கே சாமை விளம்பரம்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் பெண்கள் நாங்கள் சேர்ந்து சாமை விற்கிறோம். அதற்கு ஒரு வெப்சைட் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களின் கண்ணில் சமூக ஊடகத்திலும் எங்கள் விளம்பரம் பட வேண்டுமென்றால், சைட்டில் டிராக்கிங் கோட் சேர்க்க வேண்டும். "அதுக்கெல்லாம் டவுன்ல ஆள் வைக்கணும்" என்றார் வீட்டுக்காரர். அந்த ரோஷத்தில், சிக்னல் கிடைக்கும் ஜீப் ஸ்டாண்டில் உட்கார்ந்து நானே சேர்த்தேன்.

பெருமை தாங்காமல் ஊரையே கூப்பிட்டு சைட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அதுதான் வினை. மறுநாள் முதல் மலையில் யார் போனைத் திறந்தாலும் எங்கள் விளம்பரம். அதில் முறத்தோடு சிரிக்கும் என் நாத்தனார். சாமை விளைவிக்கிறவர்களையே சாமை வாங்கச் சொல்லித் துரத்தியது நான் சேர்த்த கோட். இருக்கட்டுமே, பிசகாமல் வேலை செய்ததல்லவா!

எங்கள் மலைக்கு மட்டும் விளம்பரம் வராதபடி மாற்றினேன். அடுத்த நாளே நாத்தனார் வந்து நின்றாள்.

"இன்னா அண்ணி, நேத்து வரைக்கும் எல்லார் போன்லயும் வந்தேன். இன்னிக்குக் காணோமே?"

"இனிமே நீ பெங்களூர்க்காரங்க போன்ல வர்ற" என்றேன்.

அவர்கள் அங்கிருந்தே பார்ப்பதுபோல் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.