பினாங்கா, ஜொகூரா?

இன்று மதியம் என் மகள் தர்ஷினியோடு எங்கள் ஊர் காஜா பெராங்கில் போட்டோஸ்டேட் கடைக்குப் போனேன். கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க அவளுக்குப் பினாங்கில் ஒன்று, ஜொகூரில் ஒன்று என இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. அந்தக் கடிதங்களை அச்செடுக்க வேண்டும். நாளைக்குள் ஒன்றை ஏற்க வேண்டும். என் விருப்பம் ஜொகூர், பக்கம்தான், வாராவாரம் வீட்டுக்கு வரலாம். அவளுக்குப் பினாங்கு.

எங்களுக்கு முன்னால் தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு பெண், தன் பயிற்சி அறிக்கையை அச்செடுத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் அதே பினாங்குப் பல்கலைக்கழகத்தின் பெயர்!

தர்ஷினி விடவில்லை. "அக்கா, லேப்ல மெஷின தொட விடுவாங்களா, சும்மா பாக்கணுமா?"

"நாங்களேதான் ஓட்டுவோம்லா! கொதிக்க வச்சுப் பிரிக்குற டிஸ்டிலேஷன் டவர் ரெண்டு மாடி உயரம். மொத நாளு, ஆவிய குளிர வைக்குற கூலிங் வாட்டர தொறக்க மறந்துட்டேன். சார் ஓடி வந்தாரு பாரு!"

பயப்படுவாள் என்று பார்த்தால், என் மகள் கைதட்டிச் சிரிக்கிறாள்.

"பினாங்குக்கு பஸ்ல எவ்வளோ நேரம்மா?" என்றேன்.

"ஏழு மணி நேரம், அங்கிள்."

தர்ஷினி கைப்பேசியை நீட்டினாள். திரையில் பினாங்குக்கு 'ஏற்கிறேன்' என்ற பொத்தான். ஏழு மணி நேரத்தைக் கேட்டும் முகத்தில் அதே சிரிப்பு; இவளை எப்படித் தடுப்பது?

"சரி, அமுக்கு."

அமுக்கிவிட்டாள்! கடையிலேயே குதித்தாள். எனக்கும் குதிக்க வேண்டும் போலிருந்தது.

இப்போது வீட்டு வாசலில், காருக்குள் உட்கார்ந்திருக்கிறோம். ஜொகூர்தான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் நேற்றே சொல்லிவிட்ட அவள் அம்மாவிடம் யார் பேசுவது? அனுபவசாலிகள் சீக்கிரம் எழுதுங்கள்.