நாற்பது மாடி மாடலில் எங்கள் வீட்டைத் தேடினோம்

மும்பை செம்பூரில் எங்கள் மூன்று மாடி ஹவுசிங் சொசைட்டிக் கட்டடத்தை ஒட்டி நாற்பது மாடி டவர் வரப்போகிறது. தண்ணீர், சாக்கடை, டிராஃபிக் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறோம் என்று பில்டர் ஆபீஸிலிருந்து இன்று காலை கூப்பிட்டிருந்தார்கள்.

நாங்கள் கேட்கப் போனது தண்ணீர். உள்ளே நுழைந்ததும் கொடுத்தது ஜூஸ்.

நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் டவரும் அக்கம்பக்கமும் சேர்ந்த மாடல். ஏழாவது மாடியில் ஒரு நீச்சல் குளம், மொட்டை மாடியில் இன்னொன்று.

பக்கத்து வீட்டு விஜயா மாமிக்குப் பொறுக்கவில்லை. "எங்களுக்கே கார்த்தால முக்கா மணி நேரம்தான் தண்ணி வரது. இதுக்கெல்லாம் எங்கேர்ந்து வரும்?"

சேல்ஸ்காரர் தமிழர்தான். "டென்ஷன் எடுக்காதீங்க ஆன்ட்டி. சப் ஹோ ஜாயேகா, எல்லாம் ஆயிடும்" என்று சிரித்தார்.

நான் ஒன்பது கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். யார் கேட்டார்கள்? அதற்குள் எங்கள் ஆட்கள் மொத்தமாக மாடலைச் சூழ்ந்துகொண்டு, அவரவர் வீட்டு ஜன்னலைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜன்னல் கிடைக்கவில்லை. கட்டடமே இல்லை! எங்கள் இடத்தில் பச்சை ஸ்பாஞ்சில் செய்த மரங்கள் வரிசையாக நின்றன.

"எங்க பில்டிங் எங்கேப்பா?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஷோவுக்கு சார். மரம் இருந்தா கஸ்டமருக்குப் பிடிக்கும்."

முப்பது வருஷமாக அங்கே குடியிருக்கிறோம்.

அடுத்து அந்தப் பக்கம் போகிறவர்கள் எனக்காக ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அந்த மரங்களுக்காவது தினமும் தண்ணீர் விடுவார்களாமா?