ரத்தம் கொடுப்பவர்களுக்கு ஆப் செய்தவர்

திண்டிவனத்தில் ஒருவர் ரத்தம் கொடுப்பவர்களுக்காக ஒரு ஆப் செய்திருந்தார். கசங்காத சட்டை போட்டிருப்பார். நாம் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் தன் போன் திரையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். முண்டியம்பாக்கத்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கை அந்த ஆப்பில் தன் நம்பரைப் பதிந்திருந்தாள். அந்த ஆள் எல்லாருடைய விவரத்தையும், ஆப் வைத்திருக்கும் யாரும் பார்க்கும்படி திறந்து போட்டிருந்தார். கண்டவனெல்லாம் அவளுக்குப் போன் செய்து அசிங்கமாகப் பேசினான். இரண்டு பேரும் அவரைத் தேடிப் போனோம்.

“என் நம்பரை எடுத்துடுங்க சார்,” என்றாள் தங்கை.

“சர்வர்ல எடுத்துடலாம்மா. ஆனா ஒவ்வொருத்தர் போன்லயும் ஒரு காப்பி உக்காந்துக்கினு இருக்கே, அத நான் என்ன பண்றது?”

“ஏன் சார் அப்படி வச்சீங்க?” என்று கேட்டேன்.

“அப்பதாங்க ஆப்பு ஜல்தியா ஓப்பன் ஆவும்.”

காலேஜ் காலத்திலிருந்து வைத்திருந்த நம்பர் அது. “சரி, நான் சிம்மையே மாத்திக்கிறேன்,” என்று தங்கை எழுந்தாள்.

“நல்லதும்மா. புது நம்பரச் சொல்லு, அப்டேட் பண்ணிடறேன்.”

கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, உண்மையாகவே நம்பரை அடிக்க போன் திரைக்கு மேல் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்படிப்பட்ட ஒரு மனிதரை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.